தூங்கி எழுந்தா "உள்ளேன் ஐயா" சொல்லாத டிரைவரும், மன்னிப்பு கேட்ட எங்கக்காவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதைவிட உண்மையான காரணம், எழுத ஒண்ணும் சிக்கலை. இப்ப சிக்கியிருக்கு. பொட்டி தட்டுறவன் பொட்டியைப் பத்தியே எழுதறானேன்னு ஓடிடாதீங்க. இது பொட்டியைப் பத்தின பதிவு மட்டும் இல்லை.

எங்கக்கா மதுரையில இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு அச்சகத்துல வேலை. பையன் பிறந்த பிறகு வீட்டுல இருந்தே டி.டி.பி. வேலை எடுத்துப் பண்றா. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு பண்ணி, பக்கம் கட்டி அனுப்பணும், பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு. வேலை நேரம் எதுன்னு கேட்டா, பையன் தூங்கற நேரம். அவன் தூங்கினா இவ லேப்டாப்பை எழுப்புவா. அவன் எழுந்தா லேப்டாப்பைத் தூங்க வைப்பா. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மூடியை மூடித் திறக்கறது. அவ பிழைப்பே அந்த மூடியில தான் ஓடுது.

மூணு வாரமா அந்த மூடி மக்கர் பண்ண ஆரம்பிச்சிருக்கு. திறந்தா கொஞ்ச நேரம் இருட்டு, உள்ளே ஃபேன் மட்டும் சுத்துது. அப்புறம் "உங்க கணினியில ஒரு பிரச்சினை, மறுபடி தொடங்கணும்" அப்படிங்கற மாதிரி ஒரு வாசகம், கீழே பொடி எழுத்துல ஏதோ ஒரு கோடு. அவ்வளவுதான், ரீஸ்டார்ட். கடைசியா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேமிக்காத 14 பக்கம் போயிருக்கு. மாமா கடைக்குத் தூக்கிட்டுப் போனா, அங்கே ஆன் பண்ணிப் பார்த்துட்டு "மதர்போர்டு சார், 14,000 ஆகும்"னு சொல்லியிருக்காங்க. பக்கத்துக்கு ஆயிரம் ரூபாய்னு கணக்கு போட்டுக்கிட்டேன், வயித்தெரிச்சல்தான்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சனிக்கிழமை காலையில போய் இறங்கறேன். காபி கூடக் குடிக்கலை, அக்கா சொன்ன முதல் வார்த்தை:

"சாரிடா தம்பி, நான்தான் மூடி மூடித் திறந்து கெடுத்துட்டேன்."

அம்மா உள்ளேருந்து எடுத்துக் கொடுக்கறாங்க, "நான் அப்பவே சொன்னேன், அதை அப்படிப் படக்குன்னு சாத்தாதேன்னு." மாமா ஒண்ணும் சொல்லலை. ஆனா "பேசாம இந்த வேலையை விட்டுடவா"ன்னு அக்கா கேட்டப்ப அவர் உடனே வேண்டாம்னும் சொல்லலை.

இந்தப் பதிவு அந்த "சாரி"யைப் பத்தினதுதான். தப்பு பண்ணது மென்பொருள். மன்னிப்பு கேட்கறது அதைப் பயன்படுத்தறவங்க. இது எப்படி நடந்துச்சு?

முதல்ல, மூடியை மூடினா உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிக்கலாம்.

கணினியைத் தூங்க வைக்கறதுக்கு 1992-ல இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. அதுல பயாஸ் தான் நாட்டாமை. 1996 டிசம்பர்ல இவங்க ரெண்டு பேரோட தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ. அதுல பொறுப்பு இயங்குதளத்துக்கு வந்துடுச்சு. அதுல சொல்ற எஸ்3 தான் நமக்குப் பழக்கமான தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கும், மத்ததெல்லாம் கிட்டத்தட்ட அணைஞ்சிடும். நீங்க பாதியில விட்ட வேலை ராமில் மட்டும்தான் இருக்கு, டிஸ்க்ல எழுதினதில்லை. ஹைபர்னேட்னா டிஸ்க்ல எழுதிட்டு முழுசா அணைஞ்சிடும். தூக்கத்துல பேட்டரி செத்தா வேலையும் செத்துச்சு.

இப்ப எழுப்பறது. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. இயங்குதளம்தான் வாத்தியார். திரை, கீபோர்டு, டிஸ்க், வைஃபை, புளூடூத், யூஎஸ்பி எல்லாம் மாணவர்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிரைவர். தூங்கப் போகும்போதும் பேர் கூப்பிடுவாங்க, எழும்போதும் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு டிரைவரும் தன் வன்பொருளைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்துட்டு "உள்ளேன் ஐயா" சொல்லணும். (நம்ம ஆளுங்க பின்னூட்டத்துல மட்டும் போட்டுட்டு ஓடிப்போற அதே உள்ளேன் ஐயா தான்.) ஒருத்தன் பதில் சொல்லலைன்னா வாத்தியார் காத்திருப்பார். குறிப்பிட்ட நேரம் வரைக்கும் பார்த்துட்டு, ஸ்கூலையே மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவார். விண்டோஸ்ல அதுக்குப் பேர் டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர், எண் 0எக்ஸ்9எஃப்.

ஸ்கூலை மூடினது தப்புன்னு நான் சொல்லலை. அரைகுறையா எழுந்த வன்பொருளை வெச்சுக்கிட்டு ஓட்டினா டிஸ்க்ல இருக்கறதும் கெட்டுப்போகலாம். நிறுத்தினது சரிதான். என் சண்டை அதுக்கு அடுத்த நிமிஷத்தோட.

எந்த மாணவன் பதில் சொல்லலைன்னு வாத்தியாருக்கு பெரும்பாலும் தெரியும். நோட்டுப் புத்தகத்துல எழுதியும் வெச்சிருக்கார். ஆனா பெத்தவங்களுக்கு அனுப்பற கடுதாசியில "பள்ளியில் ஒரு பிரச்சினை"ன்னு மட்டும் எழுதினா? எங்கக்கா மாதிரி ஆளு என்ன நினைப்பாங்க? "நம்ம பையன்தான் ஏதோ பண்ணியிருப்பான்."

நான் அன்னிக்குப் பண்ணது இதுதான். உங்க வீட்டுலயும் யாருக்காவது உதவும், வரிசையா போடறேன்.

1. போட்டோ. அக்கா அந்தத் திரையை மொபைல்ல எடுத்து வெச்சிருந்தா. பாதிக் கிணறு அதுலயே தாண்டியாச்சு. யாருக்காவது போன்ல உதவி பண்றவங்க முதல்ல இதைச் சொல்லிக் கொடுங்க. அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம்.

2. ஈவென்ட் வியூவர். சிஸ்டம் பதிவேட்டுல கெர்னல்-பவர் 41 அப்படின்னு சிவப்பா இருக்கும். நிறைய பேர் இங்கேதான் வழி தவறறாங்க. "பவர்"னு பேர் இருக்கறதால சார்ஜர், பேட்டரி, மதர்போர்டுன்னு மாத்த ஆரம்பிச்சிடுவாங்க. 41-க்கு அர்த்தம் "ஒழுங்கா மூடாம மறுபடி தொடங்கியிருக்கு" அவ்வளவுதான். அது காரணம் இல்லை. வீட்டுக்குள்ள கண்ணாடி உடைஞ்சு கிடக்குன்னு சொல்ற மாதிரி, யார் உடைச்சதுன்னு அதுக்குத் தெரியாது. பக்கத்துலயே பக்செக் 1001 இருக்கும், அதுல கோடு இருக்கும். அக்கா போட்டோல இருந்த அதே 9எஃப். மூணு வாரத்துல ஏழு தடவை.

3. ரிலையபிலிடி மானிட்டர். விண்டோஸ்ல ஒளிஞ்சிருக்கற நல்ல பிள்ளை. எந்தத் தேதியில என்ன நிறுவினது, எந்தத் தேதியில என்ன விழுந்ததுன்னு காலண்டர் மாதிரி காட்டும். முதல் தடவை விழுந்ததுக்கு முந்தின நாள், தானா வந்து உட்கார்ந்த ஒரு வைஃபை டிரைவர். அக்கா கேட்கவும் இல்லை, அக்காவைக் கேட்கவும் இல்லை.

4. மினிடம்ப். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர். விழும்போது வாத்தியார் எழுதி வெச்ச நோட்டு அதுதான். விண்டிபக் மைக்ரோசாஃப்ட் இலவசமா தர்ற கருவி. அதுல திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தா, யாரோட கோரிக்கை பாதியில நிக்குதுன்னு காட்டிடும். ரெண்டு மூணு டம்ப் பாருங்க, ஒண்ணை மட்டும் நம்பாதீங்க. நான் மூணு பார்த்தேன். மூணுலயும் அதே வைஃபை.

5. வைத்தியம். டிவைஸ் மேனேஜர்ல அந்த வைஃபையோட டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பினேன். அந்த பட்டன் மங்கலா இருந்தா லேப்டாப் கம்பெனியோட தளத்துல உங்க மாடலுக்குன்னே இருக்கற டிரைவரை எடுத்துப் போடுங்க, பயாஸ் புதுசு இருக்கான்னும் பாருங்க. சில பேருக்கு, "மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" அப்படிங்கற டிக்கை எடுத்தாலே சரியாகும்.

6. ஷட்டவுன் மேல நம்பிக்கை வேண்டாம். "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் மூடவே இல்லைடா, ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் படுக்கறேன்"னு அக்கா சொன்னா. டாஸ்க் மேனேஜர்ல அப்டைம் பார்த்தா மூணு நாளுக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கு! 2012-ல விண்டோஸ் 8 கூட வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போட வேலை இது. ஷட்டவுன் கொடுத்தா உங்க நிரல்களை மூடிட்டு, கெர்னலை மட்டும் ஹைபர்னேட் பண்ணி வெச்சிடும். அடுத்த நாள் அதே கெர்னல், அதே டிரைவர், அதே வியாதி. உண்மையான புதுத் தொடக்கம் வேணும்னா ரீஸ்டார்ட் கொடுக்கணும். ஷட்டவுன்னா மூடறதில்லை, ரீஸ்டார்ட்னாதான் மூடறது. இதை எங்கக்காவுக்கு விளக்கும்போது என் தொழில் மேலேயே எனக்கு வெட்கமா இருந்துச்சு.

7. கமாண்ட் பிராம்ட்ல பவர்சிஎஃப்ஜி. (தட்டும்போது பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி.) இடைவெளி விட்டு ஸ்லாஷ் ஏ போட்டா உங்க லேப்டாப்புக்கு எந்தெந்தத் தூக்கம் தெரியும்னு சொல்லும். ஸ்லாஷ் லாஸ்ட்வேக் போட்டா கடைசியா எழுப்பினது யாருன்னு சொல்லும். ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ் போட்டா தூங்க விடாம இழுத்துப் பிடிச்சிருக்கறது யாருன்னு சொல்லும். கடைசி இது அட்மினா திறந்தாதான் வேலை செய்யும்.

மொத்தம் ரெண்டரை மணி நேரம். பையன் ரெண்டு தடவை வந்து கீபோர்டைத் தட்டினதையும் சேர்த்து. அதுக்கப்புறம் இருபது தடவை மூடித் திறந்தோம், எண்ணி எண்ணி. இருபதும் எழுந்துச்சு. மதர்போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. செலவு பூஜ்யம்.

கடைக்காரரைத் திட்டப் போறேன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. அவருக்கும் அதே "ஒரு பிரச்சினை" திரைதான் தெரிஞ்சது. கடையில வரிசையா ஆளு நிக்கும்போது மூணு டம்ப் பிரிச்சுப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. தெரியாததுக்கு ஒரு பேர் வைக்கணும்னா மதர்போர்டு வசதியான பேர். அவரை அந்த இடத்துல நிறுத்தினது அந்த வாசகம்தான்.

அந்த வாசகத்தோட வரலாற்றைப் பாருங்க. விண்டோஸ் 8-ல 2012-ல ஒரு சோக மூஞ்சி போட்டாங்க. 2016-ல க்யூஆர் கோடு போட்டாங்க. ஸ்கேன் பண்ணினா எல்லாருக்கும் பொதுவான ஒரு உதவிப் பக்கத்துல போய் நிக்கும். 2025-ல விண்டோஸ் 11-ல நீலத்தைக் கறுப்பாக்கி, மூஞ்சியையும் க்யூஆரையும் எடுத்துட்டாங்க. கோடு இருக்கு, எந்த டிரைவர்னு தெரிஞ்சா அதையும் போடுவாங்களாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பேரும் ஒரு ஃபைல் பேர் தானே? அதைப் பார்த்து எங்கக்காவுக்கு "வைஃபை"ன்னு புரியுமா?

மத்தவங்க ஒழுங்கான்னு கேட்டா, அங்கேயும் இதே கதைதான். மேக்லயும் ஸ்லீப் வேக் ஃபெயிலியர்னு வரும், லினக்ஸ்ல எதுவுமே சொல்லாம கறுப்பாவே நிக்கும். கறுப்புத் திரையைவிட "ஒரு பிரச்சினை" பரவாயில்லைன்னு ஆறுதல் பட்டுக்கலாம்.

இன்னொரு வயித்தெரிச்சல். பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ போட்டப்ப அக்காவோடது ஐந்து வருஷப் பழசு, அதுல எஸ்3 இருந்துச்சு. என் ஆபீஸ் லேப்டாப்புல எஸ்3 கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை மட்டும்தான். போன் மாதிரி எப்பவும் அரைத்தூக்கத்துல இருக்கும், பட்டுன்னு எழும். 2012-ல கனெக்டட் ஸ்டாண்ட்பைன்னு ஆரம்பிச்சு, விண்டோஸ் 10 வந்த 2015-ல இந்தப் பேர் வெச்சாங்க. நல்லா எழுதின டிரைவரா அமைஞ்சா அருமையான விஷயம். அமையலைன்னா முதுகுப் பைக்குள்ள தோசைக்கல். போன மாசம் மின்சார ரயில்ல முதுகு சுட்டு எடுத்துப் பார்த்தா, பேட்டரி பாதி காலி. நிறைய மாடல்கள்ல பழைய தூக்கம் வேணும்னாலும் கிடையாது, கம்பெனிக்காரங்க ஃபர்ம்வேர்லயே எடுத்துட்டாங்க. நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா?

சரி, "சாமானிய ஜனங்களுக்கு டிரைவர், டம்ப் எல்லாம் சொன்னா புரியுமா, பயந்துடுவாங்க"ன்னு நம்ம தொழில்ல எல்லாரும் சொல்ற வாதம் ஒண்ணு இருக்கு. நானும் சொல்லியிருக்கேன். எழும்பூர் ஸ்டேஷன்ல "வண்டி 40 நிமிடம் தாமதம்"னு சொல்றாங்க. சிக்னல் எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியாது. ஆனா போய் டீ குடிச்சுட்டு வரலாமான்னு முடிவு பண்ண முடியுது. "ரயில்வேயில் ஒரு பிரச்சினை"ன்னு மட்டும் சொன்னா? பிளாட்பாரத்துல நிக்கற அத்தனை பேரும் பயப்படுவாங்க. பயத்தைக் குறைக்கத்தான் விவரம் தேவை.

பிழைச் செய்தின்னா மூணே கேள்விக்குப் பதில் சொன்னா போதும். என்ன ஆச்சு? என் வேலை பத்திரமா இருக்கா? நான் இப்ப என்ன பண்ணணும்? "தூக்கத்திலிருந்து எழும்போது வைஃபை பதில் சொல்லவில்லை. சேமிக்காத வேலை போயிருக்கலாம். இந்த வைஃபை டிரைவர் சமீபத்தில் மாற்றப்பட்டது, பழையதுக்குத் திரும்பலாமா?" விழற நேரத்துல இவ்வளவு சொல்ல முடியாதுன்னா, மறுபடி தொடங்கின பிறகு டம்பைப் படிச்சுட்டு நிதானமா சொல்லலாமே. நான் ரெண்டரை மணி நேரம் கையால பண்ணதுல பெரும்பாலானதை நிரலே பண்ணலாம். தகவல் அத்தனையும் அந்தப் பொட்டிக்குள்ளேயே தான் இருந்துச்சு. தூங்கி எழுந்தது, விழுந்தது, அதுக்கு முந்தின நாள் டிரைவர் மாறினது, எல்லாம். சேர்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

இங்கே நிறுத்தியிருந்தா எனக்கு வசதி. பெரிய கம்பெனியைத் திட்டிட்டு நல்ல பேர் வாங்கிட்டுப் போயிருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்ல அப்பர் பெர்த்துல படுத்துக்கிட்டிருக்கும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, தூக்கம் போச்சு.

நாங்க எழுதற மென்பொருள்ல ஒரு பெட்டி வரும். "எதிர்பாராத பிழை. நிர்வாகியை அணுகவும்." அதை எழுதினது நான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி ஒரு வாடிக்கையாளர்கிட்ட இருந்து டிக்கெட் வந்துச்சு. "மதியம் சாப்பிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் இந்தப் பெட்டி வருகிறது, காலையில் உள்ளிட்டதெல்லாம் போய்விடுகிறது." நான் என்ன பண்ணேன்? என் மெஷின்ல முயற்சி பண்ணேன், வரலை. "ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை"ன்னு எழுதி மூடிட்டேன். பத்து நிமிஷ வேலை. என் மெஷின் எப்பவும் மேசையில, சார்ஜர்ல, பெரிய மானிட்டரோட. அது தூங்கறதே இல்லை. தூங்காத பொட்டியில தூங்கி எழுந்த பிழை எப்படி வரும்?

அந்த டிக்கெட்டை எழுதினவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்களும் வீட்டுல யார்கிட்டயாவது "நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்"னு சொல்லியிருப்பாங்களோ?

திங்கட்கிழமை போய் மறுபடி திறந்தேன். அஞ்சு நிமிஷம் லேப்டாப்பைத் தூங்க வெச்சு எழுப்பினேன். முதல் தடவையே வந்துச்சு. தூங்கும்போது சர்வர் இணைப்பு செத்துடுது, எழுந்ததும் எங்க நிரல் அது உயிரோட இருக்கறதா நினைச்சு பேசப் போகுது, பேச முடியலைன்னதும் கையை விரிச்சிடுது. கூட்டிப் பெருக்க ரெண்டு நாள். டேமேஜர் "இதுல பிசினஸ் வேல்யூ என்ன?"ன்னு கேட்டார். "எங்கக்கா"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. "டிக்கெட் குறையும் சார்"னு சொன்னேன். அவர் மொழியில அதுதான் புரியும் :-)

இப்ப அந்தப் பெட்டியில வர்ற வாசகம்: "கணினி தூங்கிய நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. 11.40 வரை நீங்கள் உள்ளிட்டது பத்திரமாக உள்ளது. மீண்டும் இணைக்கிறோம்." நேரம் மட்டும் அப்பப்ப மாறும். இதுக்கு எந்த விருதும் கிடைக்காது. ஆனா படிக்கறவங்க யாரும் சாரி சொல்ல மாட்டாங்க.

நம்ம பதிவுலகத்துல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கதான். உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்க நிரல்ல "எதிர்பாராத பிழை"ன்னு தேடிப் பாருங்க. எத்தனை இடத்துல இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. என்கிட்ட 31 இருந்துச்சு. இன்னும் 24 பாக்கி.

அக்காவுக்கு நேத்து போன் பண்ணேன். ஒரு தடவை கூட விழலையாம். வேலையை விடலை, போன வாரம் ஒரு முழுப் புத்தகம் முடிச்சுக் கொடுத்திருக்கா. "அப்ப இப்ப பயமில்லாம மூடறியா?"ன்னு கேட்டேன்.

"மூடறேன்டா. ஆனா மூடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சேவ் பண்ணிட்டுத்தான்."

ஒரு தடவை போதும்க்கான்னு சொல்ல வந்தேன். சொல்லலை.

டிஸ்கி: உங்க லேப்டாப்புக்கு வந்தது வேற கோடா இருந்தா இதே வைத்தியம் பலிக்காது. 9எஃப் வந்தவங்க எல்லாரும் வைஃபையைத் திட்டாதீங்க. கிராஃபிக்ஸ், யூஎஸ்பி, புளூடூத்னு யார் வேணா "உள்ளேன் ஐயா" சொல்லாம விட்டிருக்கலாம். டம்பைப் பார்த்துட்டு திட்டுங்க. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ஒரு பேக்கப்.